ஃபார்முலா 1: 2026 சீசனின் விதி மாற்றங்களை முறையாகப் படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2026 சீசனின் விதி மாற்றங்களைச் செய்திகள் வந்த வரிசையிலேயே படித்தவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போகிறார்கள். இறக்கைகள் அசையும் என்பது முதலில் கண்ணில் படுகிறது. மின்சக்தி ஏறக்குறைய மூன்று மடங்காகிறது என்பது அடுத்து வருகிறது. கார் சிறியதாகிறது என்பது எங்கோ கடைசியில் வருகிறது. விதிகளின் காரணகாரியம் இந்த வரிசையில் இல்லை. முதலில் மின்சக்தியைக் கூட்டினார்கள். அந்தச் சக்தியை ஒரு லேப் (பாதையின் ஒரு முழுச் சுற்று) முழுவதும் கொடுக்கப் போதிய ஆற்றல் இல்லை. ஆகவே காற்றுத் தடையைக் குறைக்க வேண்டியிருந்தது, அதற்காக இறக்கைகள் அசைய வேண்டியிருந்தது. இந்த வரிசையில் படித்தால் ஒவ்வொரு விதிக்கும் காரணம் முந்தைய விதியிலேயே கிடைத்துவிடும்.

புதிதாகப் பந்தயம் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் பலருடன் உட்கார்ந்து இந்த ஆவணங்களைப் படித்திருக்கிறேன். அவர்கள் தடுக்கிய இடங்களில் இந்த வழிகாட்டி அதிக நேரம் நிற்கும்.

தொடங்கும் முன் தேவையானவை

மூன்று ஆவணங்கள் வேண்டும். சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ வெளியிட்டுள்ள 2026 விதிகள், 2025 விதிகள், 2026 பந்தய அட்டவணை. முதல் இரண்டும் எஃப்ஐஏ இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2025 விதிகள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். பழைய எண் பக்கத்தில் இல்லாவிட்டால் புதிய எண் பெரியதா சிறியதா என்றே சொல்ல முடியாது.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் சாதாரண கால்குலேட்டரும் போதும். இயற்பியல் பட்டம் தேவையில்லை. ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். ஐந்தாம் படியில் எல்லாக் கணக்கும் இதை வைத்துத்தான் நடக்கப்போகிறது.

1. ஆவணத்தின் வெளியீட்டு எண்ணையும் தேதியையும் முதலில் பாருங்கள்

விதிப் புத்தகம் ஒரே முறை அச்சாகி முடிந்துவிடுவதில்லை. 2026 இன்ஜின் விதிகளுக்கு 2022 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்தது. கார் விதிகள் 2024 ஜூனில் அறிமுகமாயின. அதன் பிறகு பல வெளியீடுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் எண்கள் மாறின, விதிப் பிரிவுகள் இடம் மாறின.

2024 ஜூனில் வந்த அறிவிப்பு, காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசையான டவுன்ஃபோர்ஸ் 30 சதவீதமும் காற்றுத் தடை 55 சதவீதமும் குறையும் என்றது. கார் வளைவுகளில் மிகவும் மெதுவாகிவிடும் என்று அணிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. பின்னர் வந்த திருத்தங்களில் டவுன்ஃபோர்ஸ் ஓரளவு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆனால் 2024-இன் எண்கள் இன்றும் கட்டுரைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பெயர்களும் மாறியுள்ளன. இறக்கைகளின் இரண்டு நிலைகளுக்கு முதலில் எக்ஸ் மோட், இசட் மோட் என்று பெயர். 2025 டிசம்பரில் இவை ஸ்ட்ரெய்ட் மோட், கார்னர் மோட் என்று மாற்றப்பட்டன. கூடவே மின்சக்தியின் பயன்பாட்டைக் குறிக்கும் ஓவர்டேக் மோட், பூஸ்ட், ரீசார்ஜ் ஆகிய பெயர்களும் வந்தன. பழைய கட்டுரையையும் புதிய கட்டுரையையும் கலந்து படிப்பவர்கள், காரில் நான்கு இறக்கை நிலைகள் இருப்பதாகவே நினைத்துவிடுகிறார்கள்.

ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில், நீங்கள் படிக்கும் வெளியீட்டின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள எண்கள் சீசன் தொடங்குவதற்கு முன் ஒப்புதல் பெற்ற விதிகளைச் சார்ந்தவை. சீசனின் நடுவிலும் எஃப்ஐஏ எண்களைத் திருத்த முடியும் என்பதால், இவற்றையும் உங்கள் கையில் உள்ள வெளியீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

2. ஆறு பிரிவுகளில் எதை எப்போது படிப்பது என்று முடிவு செய்யுங்கள்

2026 விதிகள் ஏ முதல் எஃப் வரை ஆறு பிரிவுகளாக உள்ளன. ஏ பொது விதிகள். பி பந்தய நடத்தை விதிகள். சி தொழில்நுட்ப விதிகள். டி அணிகளின் நிதி விதிகள். இ இன்ஜின் தயாரிப்பாளர்களின் நிதி விதிகள். எஃப் செயல்பாட்டு விதிகள்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஏ பிரிவிலேயே சலித்துப்போவீர்கள். சி பிரிவில் இன்ஜினைப் பற்றிய பகுதியில் தொடங்குங்கள். பிறகு அதே பிரிவில் காரின் உடல், இறக்கைகள். அதன் பின் பி பிரிவு. நிதிப் பிரிவுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். ஏ, எஃப் இரண்டையும் சந்தேகம் வரும்போது மட்டும் புரட்டினால் போதும்.

3. எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை உறுதிசெய்யுங்கள்

காரின் குறைந்தபட்ச எடை 768 கிலோ. அறிவிப்பில் 30 கிலோ குறைவு என்று சொன்னார்கள். 2025-இல் குறைந்தபட்ச எடை 800 கிலோ. கழித்துப் பார்த்தால் 32 வருகிறது. ஏதோ தவறு என்று பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள்.

இரண்டு எண்களும் சரிதான். அறிவிப்பு வந்தபோது நடப்பில் இருந்தது 2024 விதி. அப்போது எடை 798 கிலோ. 2025-இல் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் ஒதுக்கப்பட்ட குறைந்தபட்ச எடையை 80-இலிருந்து 82 கிலோவாக உயர்த்தியதால், காரின் எடையும் 800 ஆனது.

இதேபோல் 2025-இலேயே மாறிவிட்ட விதிகளை 2026-இன் கணக்கில் சேர்ப்பதும் அடிக்கடி நடக்கிறது. அதிவேக லேப்புக்கான ஒரு புள்ளி 2019-இல் வந்து, 2025-லேயே நீக்கப்பட்டுவிட்டது. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் 2025, 2026 என்று இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது.

4. எண்ணைப் படிக்கும் முன் அதை எப்படி அளக்கிறார்கள் என்று படியுங்கள்

விதியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு அளவீட்டு முறை இல்லாமல் பொருள் இல்லை. பொறியாளர்கள் எண்ணைவிட முதலில் அளவீட்டு முறையைத்தான் படிக்கிறார்கள். ரசிகர்களும் அப்படிப் படித்தால், பின்னால் வரும் சர்ச்சைகளில் பாதியை முன்கூட்டியே கணித்துவிடலாம்.

சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் எத்தனை மடங்கு அமுக்கப்படுகின்றன என்பதைச் சொல்லும் அமுக்க விகிதம் 18-இலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. புதிய தயாரிப்பாளர்கள் எளிதாக நுழைவதற்கான வழிகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த 16 சுற்றுப்புற வெப்பநிலையில் அளக்கப்பட வேண்டும் என்று விதி எழுதப்பட்டிருந்தது. ஓடும் இன்ஜின் சூடாகிறது, உலோகம் விரிகிறது. நின்றிருக்கும்போது 16 ஆக இருக்கும் விகிதம் ஓடும்போதும் 16 ஆகவே இருக்குமா? முதல் பந்தயத்துக்கு முன்பே தயாரிப்பாளர்களுக்கிடையே பெரிய விவாதமாக வெடித்தது இந்தக் கேள்விதான்.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2009-இல் காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்பகுதியில் வெளியேற்றும் டிஃப்யூசரின் அளவை விதி கட்டுப்படுத்தியது. பிரான், டொயோட்டா, வில்லியம்ஸ் ஆகிய மூன்று அணிகள் தரைத்தளத்தில் திறப்பு வைத்து, அதன் மேல் இரண்டாவது தட்டு ஒன்றை அமைத்தன. மற்ற அணிகள் முறையிட்டன. ஏப்ரலில் எஃப்ஐஏ மேல்முறையீட்டு மன்றம் அது விதிக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. பிரான் அணியின் ஜென்சன் பட்டன் அந்த ஆண்டின் முதல் ஏழு பந்தயங்களில் ஆறில் வென்றார், பிறகு சாம்பியனும் ஆனார். விதியில் எண் தெளிவாகவே இருந்தது. அந்த எண் எதற்குப் பொருந்தும் என்ற இடத்தில்தான் இடைவெளி இருந்தது.

ஒவ்வொரு முக்கிய எண்ணுக்குப் பக்கத்திலும் எங்கே, எப்போது, எந்த நிலையில் அளக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை நிரப்ப முடியாத இடங்களில் வட்டம் போட்டு வையுங்கள்.

5. இன்ஜினின் ஆற்றல் கணக்கை உங்கள் கையாலேயே போடுங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். 2026-இன் மற்ற மாற்றங்கள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ என்ற அடிப்படை அப்படியே இருக்கிறது. எரிபொருளால் கிடைக்கும் சக்தி சுமார் 550 கிலோவாட்டிலிருந்து சுமார் 400 ஆகக் குறைகிறது. இன்ஜினின் கிராங்க் தண்டோடு இணைந்த எம்ஜியு-கே என்ற மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350 ஆக உயர்கிறது. டர்போவோடு இணைந்து வெளியேறும் புகையிலிருந்து மின்சாரம் எடுத்த எம்ஜியு-எச் நீக்கப்பட்டுவிட்டது.

கூட்டினால் பழைய மொத்தம் சுமார் 670 கிலோவாட், புதிய மொத்தம் சுமார் 750. கார் வேகமாகிவிட்டது என்று இங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். சக்தி என்பது ஒரு கணத்தின் அளவு. எவ்வளவு நேரத்துக்கு அதைக் கொடுக்க முடியும் என்பதை ஆற்றல்தான் தீர்மானிக்கிறது.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஒரு லேப்பில் பிரேக் பிடிக்கும்போதும் பிற இடங்களிலும் மீட்டெடுத்துப் பேட்டரியில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட ஆற்றலின் உச்சவரம்பு சுமார் 8.5 மெகாஜூல். மோட்டார் முழுச் சக்தியில் இயங்கினால் விநாடிக்கு 0.35 மெகாஜூல் செலவாகும். 8.5-ஐ 0.35-ஆல் வகுத்தால் 24 விநாடிகள் வருகின்றன. பல பாதைகளில் ஒரு லேப் 80 முதல் 90 விநாடிகள். அதில் பாதிக்கு மேல் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முழுமையாக மிதித்திருப்பார். அவ்வளவு நேரத்துக்கும் முழு மின்சக்தி கிடைக்காது.

பேட்டரியின் கணக்கு இன்னும் இறுக்கமானது. எந்த நேரத்திலும் அதில் பயன்படுத்தக்கூடிய ஆற்றலின் ஏற்ற இறக்கம் 4 மெகாஜூல். 4-ஐ 0.35-ஆல் வகுத்தால் 11 விநாடிகளுக்குச் சற்று மேல். நிறைந்த பேட்டரி அதற்குள் காலியாகிவிடும். காலியானால் கையில் இருப்பது 400 கிலோவாட் மட்டுமே. மொத்தச் சக்தியில் ஏறக்குறைய பாதி மறைந்துவிடுகிறது. பழைய காரில் மோட்டார் முழுவதும் நின்றாலும் இழப்பு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பேட்டரியைத் தவறான இடத்தில் செலவழித்த ஓட்டுநர் நேர்பாதையின் முடிவில் தனியாகத் தெரிவது இதனால்தான்.

அடுத்து, எங்கிருந்து மீட்டெடுப்பது என்று பாருங்கள். எம்ஜியு-எச் இருந்தபோது முழு வேகத்தில் ஓடும்போதும் மின்சாரம் கிடைத்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாவற்றையும் எம்ஜியு-கே ஒன்றே சேர்க்க வேண்டும். 8.5 மெகாஜூல் சேர்க்க, முழு அளவில் 24 விநாடிகள் மீட்டெடுக்க வேண்டும். அவ்வளவு நேரம் பிரேக் பிடிக்கும் பாதைகள் குறைவு. ஆகவே வளைவுகளின் நடுவிலும், சில நேரம் நேர்பாதையின் முடிவில் ஓட்டுநர் இன்னும் முழுமையாக மிதித்துக்கொண்டிருக்கும்போதே, இன்ஜினின் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புகிறார்கள். தொலைக்காட்சியில் இன்ஜினின் ஓசை நேர்பாதையிலேயே இறங்குவதைக் கேட்டால் அது பழுதல்ல, ஆற்றல் சேர்ப்பு.

இந்த இடத்தில் பந்தய அட்டவணையைத் திறந்து, நீண்ட நேர்பாதைகளும் குறைவான பிரேக் இடங்களும் கொண்ட பாதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மான்சா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. செலவழிக்க இடம் ஏராளம், சேர்க்க இடம் குறைவு. மொனாக்கோவில் நேர்பாதைகள் குட்டையாகவும் வளைவுகள் நெருக்கமாகவும் இருப்பதால் அங்கே இந்த நெருக்கடி வேறு விதமானது. மீட்டெடுப்பின் வரம்பைப் பாதைக்கு ஏற்ப எஃப்ஐஏ குறைக்கவும் முடியும் என்பதால், ஒவ்வொரு பந்தயத்துக்கும் அந்த எண்ணைத் தனியாகப் பாருங்கள்.

எரிபொருளில் மாறியது இரண்டு. இனி முழுக்க முழுக்க நீடித்த வகை (சஸ்டெயினபிள்) எரிபொருள்தான். முன்பு மணிக்கு 100 கிலோ என்று எடையில் இருந்த வரம்பு, இப்போது மணிக்கு 3000 மெகாஜூல் என்று ஆற்றலில் வந்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனத்தின் எரிபொருளிலும் ஒரு கிலோவுக்கான ஆற்றல் வேறுபடலாம் என்பதால் எடையை மட்டும் அளந்தால் நியாயமாக இருக்காது. இந்த எண்ணையும் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 3000 மெகாஜூல் என்றால் சுமார் 833 கிலோவாட். அதிலிருந்து 400 கிலோவாட் எடுக்கிறார்கள் என்றால் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி சக்கரத்துக்குப் போகிறது. இந்தத் துறையில் உழைக்கும் பொறியாளர்கள் மீது எனக்குள்ள மரியாதை இந்தக் கணக்கைப் போடும் ஒவ்வொரு முறையும் கூடுகிறது.

6. அதன் பிறகே இறக்கைகளுக்கும் காரின் அளவுக்கும் வாருங்கள்

ஆற்றல் போதாது என்று தெரிந்துவிட்டதால், இறக்கைகள் ஏன் அசைகின்றன என்பதை இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நேர்பாதையில் ஸ்ட்ரெய்ட் மோட் முன்னிறக்கை, பின்னிறக்கை இரண்டையும் தட்டையாக்குகிறது. காற்றுத் தடை குறைகிறது, அதே வேகத்துக்குக் குறைந்த ஆற்றல் போதும். வளைவுக்கு முன் கார்னர் மோட் அவற்றை நிமிர்த்தி டவுன்ஃபோர்ஸைத் திரும்பக் கொடுக்கிறது.

முன்னிறக்கையும் ஏன் அசைய வேண்டும்? பின்னிறக்கை மட்டும் பெரிய அளவில் தட்டையானால் பின்சக்கரங்களின் பிடிமானம் குறையும். முன்சக்கரங்களின் பிடிமானமோ அப்படியே இருக்கும். சிறிய வளைவிலும் காரின் பின்பகுதி சுழன்றுவிடும். இரண்டும் சேர்ந்து அசைந்தால் சமநிலை காக்கப்படுகிறது.

காரின் அளவுகளை வேகமாகக் கடந்துவிடலாம். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 3600 மில்லிமீட்டரிலிருந்து 3400. அகலம் 2000-இலிருந்து 1900. டயர் பொருந்தும் சக்கர வட்டின் விட்டம் 18 அங்குலம் என்பதில் மாற்றமில்லை, முன் டயர் 25 மில்லிமீட்டரும் பின் டயர் 30 மில்லிமீட்டரும் குறுகியுள்ளன. 2022 முதல் 2025 வரை தரைத்தளத்தின் அடியில் இருந்த நீண்ட சுரங்கங்களுக்குப் பதிலாக, தட்டையான தளம் வந்துள்ளது. அந்தச் சுரங்கங்கள்தான் 2022-இல் கார்களைக் குதிரைபோல் துள்ள வைத்தவை.

7. ஓவர்டேக் மோடையும் ஸ்ட்ரெய்ட் மோடையும் கலந்துவிடாதீர்கள்

புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இது. 2011 முதல் 2025 வரை முந்துவதற்கு உதவிய டிஆர்எஸ் என்ற அமைப்பில் பின்னிறக்கை திறந்தது. இப்போதும் இறக்கை திறக்கிறது. ஆகவே இது டிஆர்எஸ்ஸின் புதிய பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிஆர்எஸ் பந்தயத்தில் முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருப்பவருக்கு மட்டும் கிடைத்தது. ஸ்ட்ரெய்ட் மோடுக்கு அந்த நிபந்தனை இல்லை. குறிக்கப்பட்ட நேர்பாதைகளில், ஒவ்வொரு லேப்பிலும், முதலில் ஓடுபவரும் கடைசியில் ஓடுபவரும் அதைப் பயன்படுத்தலாம். எல்லோருக்கும் கிடைப்பதால் முந்துவதற்கு அது உதவாது. ஒரு விநாடி நிபந்தனை இப்போது ஓவர்டேக் மோடுக்கு மாறியிருக்கிறது. அது தருவது மின்சக்தி.

எவ்வளவு தருகிறது என்பதைச் சூத்திரத்திலிருந்தே கணக்கிடலாம். சாதாரண நிலையில் மணிக்கு 290 கிலோமீட்டர் வரை 350 கிலோவாட் கிடைக்கும். அதற்கு மேல், 1800-இலிருந்து வேகத்தின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். 300 கிலோமீட்டரில் 300 கிலோவாட், 320-இல் 200, 340-இல் 100. அங்கிருந்து இன்னும் செங்குத்தாக இறங்கி 345-இல் பூஜ்யம். ஓவர்டேக் மோடில் 7100-இலிருந்து வேகத்தின் இருபது மடங்கைக் கழிக்க வேண்டும். ஆகவே 337 கிலோமீட்டர் வரை 350 கிலோவாட் குறையாது, 355-இல்தான் பூஜ்யம்.

330 கிலோமீட்டரில் இரண்டையும் ஒப்பிடுங்கள். முன்னால் போகிறவருக்கு 150, பின்னால் வருகிறவருக்கு 350. வித்தியாசம் 200 கிலோவாட், அதாவது சுமார் 268 குதிரைச் சக்தி. ஆனால் 280 கிலோமீட்டரில் வித்தியாசம் எதுவும் இல்லை. வேகம் 290-ஐத் தாண்டாத குட்டையான நேர்பாதைகளில் இந்தச் சூத்திரம் உதவவே உதவாது.

கூடுதலாக 0.5 மெகாஜூல் ஆற்றலும் உண்டு. வகுத்துப் பார்த்தால் ஒன்றரை விநாடிக்கும் குறைவு. குறைவாகத் தோன்றலாம், ஆனால் எதிராளியின் பேட்டரி காலியாக இருக்கும் இடத்தில் செலவழித்தால் ஒரு இடம் முன்னேற அது போதும்.

8. பந்தய நடத்தை விதிகளில் நிபந்தனையைத் தேடுங்கள்

பி பிரிவில் எண்களைவிட நிபந்தனைகள்தான் வலுவானவை. ஒரு விதி எப்போது தொடங்குகிறது, எது நடந்தால் அது பொருந்தாது என்பதைக் கவனமாகப் படியுங்கள்.

2022 அக்டோபர் 9 அன்று சுசூகாவில் நடந்த ஜப்பான் பந்தயம் இதற்கு நல்ல பாடம். மழையால் நீண்ட நேரம் நின்று, 53 லேப்களில் 28 மட்டுமே ஓடின. பாதிக்குச் சற்று அதிகமாக ஓடிய பந்தயத்தில் வென்றவருக்கு 19 புள்ளிகள்தான் என்று குறைக்கப்பட்ட புள்ளி அட்டவணை சொன்னது. அணிகளும் வர்ணனையாளர்களும் அப்படித்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் வென்ற மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு முழுப் புள்ளிகளான 25 கிடைத்தது, அன்றே உலகச் சாம்பியனும் ஆனார். காரணம், அந்த அட்டவணை நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்க முடியாமல்போன பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று எழுதப்பட்டிருந்தது. சுசூகா பந்தயம் மீண்டும் தொடங்கி, நேரம் முடிந்ததால் முடிந்தது. அடுத்த ஆண்டு அந்த வரியைத் திருத்தினார்கள்.

2026-இல் முதலில் கவனிக்க வேண்டியது கார்களின் எண்ணிக்கை. கடிலாக் வந்ததால் 11 அணிகள், 22 கார்கள். பந்தயத்தின் தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றின் முதல் இரண்டு பகுதிகளிலும் தலா ஆறு பேர் வெளியேறுவார்கள். கடைசிப் பகுதியில் பழையபடி பத்துப் பேர். புள்ளிகள் இன்னும் முதல் பத்து இடங்களுக்கு மட்டுமே என்பதால், நடுத்தர அணிகளுக்கு ஒரு புள்ளி எடுப்பது முன்பைவிடக் கடினம்.

புதிய அணிகள் வரும்போது 107 சதவீத விதியையும் எடுத்துப் படித்துவிடுங்கள். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராதவர், பந்தய நடுவர்களான ஸ்டீவர்டுகள் விலக்குத் தராவிட்டால் பந்தயத்தில் ஓட முடியாது. இந்த விதி 2011-இல் திரும்ப வந்தது. அந்த ஆண்டின் முதல் பந்தயமான மெல்போர்னிலேயே எச்ஆர்டி அணியின் இரண்டு கார்களும் அதில் சிக்கின. அதில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். கார் போதிய சோதனை ஓட்டம் இல்லாமலே மெல்போர்னுக்கு வந்திருந்தது. எந்தப் புதிய விதியும் தயாரிப்பு குறைந்த அணியைத்தான் முதலில் தாக்கும்.

9. நிதி விதிகளிலும் சோதனை வரம்புகளிலும் யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள்

அணிகளின் செலவு வரம்பு 2023 முதல் 2025 வரை 135 மில்லியன் டாலர் என்ற அடிப்படையில் இருந்து, ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டப்பட்டது. 2026-இல் 215 மில்லியன். வரம்பு ஏறக்குறைய 80 மில்லியன் தளர்ந்துவிட்டது என்று எழுதுவது தவறு. முன்பு வரம்புக்கு வெளியே இருந்த பல செலவுகள் உள்ளே வந்துள்ளன, விலைவாசி உயர்வும் அடிப்படை எண்ணிலேயே சேர்ந்துவிட்டது. எது உள்ளே, எது வெளியே என்ற பட்டியலைப் படிக்காமல் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிடக் கூடாது.

மாதிரிக் காரின் மேல் காற்றைப் பாய்ச்சிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையின் பங்கீடு இதைவிடச் சுவையானது. அணிகள் சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பெற்ற அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம். ஒவ்வொரு இடத்துக்கும் 5 சதவீதம் கூடி, பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம். ஜூன் இறுதியில் அப்போதைய தரவரிசையை வைத்து மீண்டும் பங்கிடுவார்கள். 2026 காருக்கான காற்றியக்கச் சோதனையை 2025 ஜனவரி 1-க்கு முன் தொடங்கக் கூடாது என்ற தடையும் இருந்தது. ஆகவே 2025-இன் முதல் பாதியில் புதிய காருக்கு அதிகச் சோதனை நேரம் பெற்றவர்கள் 2024-இல் பின்தங்கியவர்கள்தான். எந்த அணிக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை நோட்டில் ஒரு பத்தியாக எழுதி வைத்தால், சீசனின் முதல் பந்தயங்களைப் பார்க்கும்போது பயன்படும்.

இன்ஜின் தயாரிப்பாளர்கள் ஐவர்: மெர்சிடிஸ், ஃபெராரி, ஹோண்டா, ஆவுடி, ஃபோர்டுடன் இணைந்த ரெட் புல். பின்தங்கும் தயாரிப்பாளருக்குக் கூடுதல் மேம்பாட்டு வாய்ப்பு தரும் விதியும் இப்போது உண்டு. முன்னணி இன்ஜினைவிடக் குறைந்தது 2 சதவீதம் பின்தங்கினால் ஒரு கூடுதல் மேம்பாடு, 4 சதவீதத்துக்கு மேல் என்றால் இரண்டு. 2014-இல் மெர்சிடிஸ் 19 பந்தயங்களில் 16-ஐ வென்று, மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் எட்டிப்பிடிக்க முடியாமல் தவித்ததை நினைத்தால் இந்த விதி ஏன் வந்தது என்று புரியும். நான் இதை முழுமனதுடன் வரவேற்கிறேன்.

10. தொழில்நுட்ப உத்தரவுகளைத் தனிப் பக்கத்தில் குறியுங்கள்

சீசன் தொடங்கிய பிறகு எஃப்ஐஏ தொழில்நுட்ப உத்தரவுகளை அணிகளுக்கு அனுப்பும். இவை விதிகள் அல்ல. விதியை எப்படிப் பொருள்கொள்கிறோம், எப்படிச் சோதிப்போம் என்ற விளக்கங்கள். ஆனாலும் காரின் வடிவத்தையே மாற்றவைக்கும் வலிமை இவற்றுக்கு உண்டு. 2022-இல் கார்கள் துள்ளியபோது வந்த 39-ஆம் உத்தரவு, பெல்ஜியம் பந்தயத்திலிருந்து துள்ளலுக்கு அளவுகோல் வைத்தது. 2023-இல் தளத்தின் ஓரங்கள் 15 மில்லிமீட்டர் உயர்த்தப்பட்டன.

ஓர் உத்தரவு வந்ததும் முன்னணி அணி வீழ்ந்துவிடும் என்று கணிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 2025 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து முன்னிறக்கையின் வளைவுக்கான சோதனை கடுமையானது, 15 மில்லிமீட்டர் அனுமதி 10 ஆனது. மெக்லாரன் இதனால் பின்தங்கும் என்ற பேச்சு வாரக்கணக்கில் ஓடியது. அந்தப் பந்தயத்தில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி முதலிடம், லாண்டோ நோரிஸ் இரண்டாமிடம். இரண்டுமே மெக்லாரன்.

11. பந்தய வாரத்தில் எதைக் குறிப்பது

சோதனை ஓட்டங்களின் நேரப் பட்டியலை ஒதுக்கிவிடலாம். யார் எவ்வளவு எரிபொருளுடன், எந்த அளவு மின்சக்தியுடன் ஓடினார்கள் என்பது வெளியே தெரியாது. அதற்குப் பதில் யார் எத்தனை லேப் ஓடினார்கள் என்று குறியுங்கள். புதிய இன்ஜின் பழுதாகாமல் ஓடுகிறதா என்பதை அது ஓரளவு காட்டும்.

பந்தயத்தின்போது மூன்று இடங்களைப் பாருங்கள். தொடக்கத்தில், எம்ஜியு-எச் இல்லாததால் டர்போ சுழல நேரம் எடுக்கும், யார் நன்றாகப் புறப்படுகிறார்கள் என்று குறியுங்கள். மிக நீண்ட நேர்பாதையின் கடைசிப் பகுதியில், எந்தக் காரின் வேகம் முதலில் நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்ததா, சேர்க்கத் தொடங்கிவிட்டார்களா என்பது அங்கே தெரியும். ஒருவர் முந்திய பிறகு அடுத்த நேர்பாதையையும் பாருங்கள். முந்துவதற்காகச் செலவழித்தவரிடம் அங்கே ஆற்றல் இருக்காது, முந்தப்பட்டவருக்கு இப்போது ஓவர்டேக் மோட் கிடைத்திருக்கும். ஒரு முந்தலை அடுத்த ஒரு லேப் ஓடிய பிறகே உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

நான்காம் படியில் போட்ட வட்டங்களை ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் திரும்பப் பாருங்கள். எந்த வட்டத்துக்கு உத்தரவு வந்தது, எதற்கு முறையீடு வந்தது, எது அப்படியே இருக்கிறது என்று தேதியோடு பக்கத்தில் எழுதிவிட்டு, முதல் பக்கத்தில் உள்ள வெளியீட்டு எண்ணையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.